தக்காளி வண்டி போன முந்நூற்றைம்பது அடி

1

இது என் கதை இல்லை. ஒரு பால் லாரி ஓட்டுகிறவள் நின்றபடியே சொன்னது. அவளிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கடல் தாண்டி வந்து, பனிக்குப் பேர்போன டக் ஹில் மேட்டில் ஒரு சீஸ் ஆலையின் சோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். பண்ணைகளிலிருந்து வரும் பாலில் கொழுப்பு எவ்வளவு, கிருமி எவ்வளவு, மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்து கலந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. லாரி ஓட்டும் ராக்ஸேன் தினமும் மாதிரிக் குப்பிகளைக் கூடையோடு என் மேஜைமேல் வைப்பாள், "குளிர்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வாள், போய்விடுவாள். ஜூலை மாதத்திலும் அதையேதான் சொல்வாள்.

அந்த பிப்ரவரி வியாழக்கிழமை கூடையை வைத்த பிறகும் அவள் போகவில்லை. தொப்பியில் பனி, புருவத்தில் பனி, முகம் முழுக்கச் சிரிப்பு.

"கோமா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லலைன்னா வெடிச்சிருவேன்."

(என் பெயர் கோமதி. இந்த ஊரில் இருபத்திரண்டு வருஷமாக நான் கோமாவில் இருக்கிறேன்.)

அவள் சொல்லி முடித்ததும் நான் கையுறையைக் கழற்றிவிட்டு, குப்பிகளில் ஒட்டுகிற சீட்டு ஒன்றின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன்.

முதல் தொடக்கம்: "பனி கொட்டிக்கொண்டிருந்தது."

கொட்டவில்லை. முந்தின நாள் சாயங்காலமே நின்றுவிட்டது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "அந்தப் பழைய இயந்திரத்தின்மேல் அவள் ஏறி அமர்ந்த கணத்தில் காலம் தன்னுடைய—"

காலம் ஒன்றும் செய்யவில்லை. மணி ஏழே முக்கால், அவ்வளவுதான்.

மூன்றாவது: "வெர்னா விட்ரிக்கின் பால் தொட்டி நிரம்பிவிட்டது."

இதுதான். இங்கிருந்து போகலாம்.

2

வெர்னா விட்ரிக்கின் பால் தொட்டி நிரம்பிவிட்டது.

ஐம்பத்திரண்டு மாடுகள். காலையில் ஒரு கறவை, நாலு மணிக்கு ஒரு கறவை. கறந்த பால் குழாய் வழியாகப் பால் அறைக்கு வந்து பெரிய எஃகுத் தொட்டியில் குளிர்ந்துகொண்டிருக்கும். ஒன்றுவிட்டு ஒருநாள் ராக்ஸேன் லாரியைப் பின்பக்கமாக உள்ளே விட்டு, குழாயை மாட்டி, உறிஞ்சிக்கொண்டு போவாள். ஆனால் ஏரிப் பக்கமிருந்து வந்த புயல் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் சாலைகளை மூடிவிட்டது. ராக்ஸேன் வரவேண்டிய முறை ஒன்று தவறிப்போனது. வியாழக்கிழமை காலைக் கறவை முடிந்தபோது தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்த வெர்னா, அப்படியே மூடிவிட்டாள். விரல் வைத்தால் வழியும்.

நாலு மணிக்கு ஐம்பத்திரண்டு மாடுகள் மறுபடி நிற்கும். பனி பெய்கிறது என்பதற்காக மாட்டின் மடி காத்திருக்காது. கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். கறந்தால் சாக்கடையில் விடவேண்டும். ஒருமுறை, மின்சாரம் போன ஒரு வருஷம், விட்டிருக்கிறாள். வெள்ளையாகச் சாக்கடை ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. என்னிடமும் ஒரே ஒருமுறைதான்.

கொட்டகையிலிருந்து சாலை வரை முந்நூற்றைம்பது அடி. நடுவில் இடுப்பளவு பனி. கொட்டகை மூலையில் காற்று குவித்துவைத்தது நெஞ்சளவு. சாலை முனையில் அரசாங்கப் பனிக்கலப்பை விடிகாலையில் தள்ளிவிட்டுப் போன மேடு, தோளளவு, சிமெண்ட் மாதிரி. கலப்பை சாலையை மட்டும்தான் திறக்கும். வீட்டு வழி அவரவர் பாடு.

இதற்கென்றே முன்னால் பெரிய வாளி வைத்த டீசல் லோடர் ஒன்று இருக்கிறது. அது முற்றத்தில் நின்றது. இரவு மேகம் கலைந்து, சைபருக்குக் கீழே முப்பது டிகிரிக்கு இறங்கிவிட்டிருந்தது. டீசல் மெழுகாக உறைந்துவிட்டது. சாவியைத் திருகினால் ஒரு முனகல், பிறகு அதுவும் இல்லை.

இன்னொரு இயந்திரம் இருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கதை.

போன இலையுதிர்காலத்தில் பக்கத்து ஊர் ஏலத்தில் வெர்னா எடுத்தது. தோட்டத்து டிராக்டர்; ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு மாடல்; ஒற்றை சிலிண்டர், பெட்ரோல்; ஒரு பெரிய கன்றுக்குட்டி உயரம். சிவப்பு வெளுத்து, பழுத்து நாளான தக்காளி நிறம். அவளுடைய தக்காளிப் பாத்திகளை உழத்தான் எடுத்தாள். கூடவே ஒரு ப்ளோயரும் வந்தது: முன்னால் மாட்டிக்கொள்ளலாம், உள்ளே திருகு மாதிரி சுழல்கிற எஃகுப் பட்டைகள், மேலே வாத்துக் கழுத்து மாதிரி ஒரு குழாய்.*

[* ப்ளோயர் என்றால் ஊதுவது. ஆனால் அது ஊதுவதில்லை. பனியைக் கடித்து, மென்று, இருபது அடிக்கு அப்பால் துப்புகிறது. "பனித்துப்பி" என்று எழுதிப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. ப்ளோயர் என்றே இருக்கட்டும்.]

அவள் கணவன் லோவல் அதைத் தக்காளி வண்டி என்றான். லோவலின் அண்ணன் டெல்பர்ட், கால் மைல் தள்ளி அடுத்த பண்ணைக்காரர், பொம்மை என்றார். தேவாலயத்தில், ஊரார் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்த கூடத்தில், உரக்க. "வெர்னாவுக்கு ஒரு பொம்மை கிடைச்சிருக்கு. ராத்திரி மாடுங்களோட படுக்கவைக்கிறாளாம்."

அது நிஜம்தான். அவள் அதை மாட்டுக் கொட்டகைக்குள், தீவனம் போடும் நடையில் நிறுத்திவைத்தாள். ஐம்பத்திரண்டு மாடுகளின் உடம்புச் சூட்டில் அங்கே தண்ணீர்கூட உறையாது.

3

ஏழரை மணிக்கு ராக்ஸேன் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"வெர்னா, சாலை திறந்தாச்சு. பதினொன்றரைக்கு உங்க வாசல்ல இருப்பேன். வழி திறந்திருக்கா?"

"திறந்திருக்கும்."

"திறந்திருக்கான்னு கேட்டேன்."

"திறந்திருக்கும்னு சொன்னேன்."

"இன்னும் பதினாலு பண்ணை பாக்கி இருக்கு. பத்து நிமிஷம் நிப்பேன். அதுக்கு மேல முடியாது, கோவிச்சுக்கக் கூடாது."

வெர்னா போனை வைத்தாள். லோவல் சமையலறையில், முட்டியில் அறுவை செய்து கட்டுப்போட்ட காலை எதிர் நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"எதை வச்சுத் திறப்பே?" என்றான்.

"தக்காளி வண்டியை வச்சு."

"வெர்னா, அது ஒரு கேக் மிக்ஸி."

"அப்போ கேக் பண்றேன்."

"நான் எழுந்து வந்து லோடருக்குக் கூடாரம் கட்டறேன். அடியில ஹீட்டர் வச்சா—"

"டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி நீ எழுந்தா, அந்த இன்னொரு முட்டியையும் நானே உடைச்சுடுவேன். உட்காரு. மணி சொல்லு, அது போதும்."

அவள் லோவலின் கனத்த மேலங்கியை மாட்டிக்கொண்டாள். போகிற போக்கில் அலமாரியிலிருந்து கேக் அச்சில் அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயை எடுத்தாள்.

"அதை எங்கே கொண்டுபோறே?"

"குழாய்க்குள்ள அடிக்க. பனி ஒட்டாது."

"அப்போ என் கேக் ஒட்டுமே?"

"ஒட்டட்டும். சுரண்டித் தின்னு."

(இந்த உரையாடலை வெர்னா எனக்குச் சொன்னபடியே போட்டிருக்கிறேன். லோவலிடம் கேட்டேன். "நான் இன்னும் வேடிக்கையா பேசினேன்," என்றான்.)

4

சோக்கை இழுத்தாள். சாவியைத் திருகினாள்.

இந்த இடத்தில் நான் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். முதல் திருகலில் கிளம்பவில்லை, இரண்டாவதில் இருமியது, மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டாள், நாலாவதில்— என்று. வாசகரின் மூச்சைப் பிடித்துவைக்க இதெல்லாம் உதவும் என்று நினைத்தேன்.

முதல் திருகலிலேயே கிளம்பிவிட்டது. மாட்டுச் சூட்டில் தூங்கிய இயந்திரம், கிளம்பாமல் என்ன செய்யும்? மூன்று பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

பின் சக்கரங்களில் சங்கிலி சுற்றியிருந்தது. முன்னால் ப்ளோயரின் எடை இழுப்பதால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். அதற்காகப் பழைய பால் கேன் ஒன்றில் மணலை நிரப்பிப் பின்னால் கட்டியிருந்தாள். இதெல்லாம் டிசம்பரிலேயே, யாரும் பார்க்காதபோது, கொட்டகைக்குப் பின்னால் செய்து பழகியது. டெல்பர்ட் பொம்மை என்று சொன்ன மறுநாளிலிருந்து.

கொட்டகைக் கதவைத் தள்ளினாள். கதவின் வடிவத்திலேயே பனி நின்றது. பூட்டின் அச்சுகூட அதில் பதிந்திருந்தது. முதல் கியரில் போட்டு, வலப்பக்க நெம்புகோலை இழுத்தாள். பட்டைகள் சுழன்றன. வெள்ளைக் கதவுக்குள் சிவப்பு வண்டி முகத்தை வைத்தது.

கடித்தது.

குழாயிலிருந்து பனி எழும்பிய விதத்தை வெர்னா எனக்குக் கையை வீசிக் காட்டியிருக்கிறாள். அதை எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. கொட்டகைக் கூரை உயரத்துக்கு ஒரு வெள்ளை வில். வெயில் பட்டபோது அதில் ஒரு கணம் நிறங்கள். அவள் அதைப் பார்க்கவில்லை. பார்வை முழுக்க ப்ளோயரின் வாயில் இருந்தது.

அந்த வாயின் அகலம் மூன்றரை அடி, உயரம் முழங்காலளவு. லாரிக்குப் பன்னிரண்டு அடி வேண்டும். ஆக நாலு முறை போகவேண்டும். பனியோ இடுப்பளவு, எனவே ஒவ்வொரு முறையும் ப்ளோயரைத் தூக்கி மேல் பாதியை வெட்ட வேண்டும், பின்னால் வர வேண்டும், இறக்கிக் கீழ்ப் பாதியை வெட்ட வேண்டும். மூலையில் நெஞ்சளவு இருந்த இடத்தில் மூன்று அடுக்கு. அடி அடியாக. ஒரு பெரிய கேக்கைச் சின்னக் கரண்டியால் தின்பது மாதிரி. ஆனால் கரண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.

வலமிருந்து காற்று வந்தது. குழாயை இடப்பக்கம் திருப்பினாள். காற்று மாறியபோது எறிந்ததெல்லாம் திரும்பி அவள் முகத்துக்கே வந்தது. திட்டினாள். என்ன திட்டினாள் என்று கேட்டேன். "தேவாலயத்துல பாடறவ நான், அதெல்லாம் எழுதாதே," என்றாள்.

சமையலறை ஜன்னலில் லோவல் தன் வேலையைச் செய்தான். காலை உணவு அட்டைப் பெட்டிகளைக் கிழித்து, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் மணியை எழுதிக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினான். 8:20. 8:45. 9:05. அப்புறம் ஓர் அட்டையில்: வலப்பக்கம் இன்னும் ஓரடி! அடுத்ததில்: அழகா இருக்கே.

அதைப் பார்த்துவிட்டு அவள் வேண்டுமென்றே குழாயை ஜன்னல் பக்கம் திருப்பினாள். லோவல் ஐந்து நிமிஷம் வெளியே எதையும் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

5

ஒன்பதரைக்கு ஒரு சத்தம். டண் என்று. பட்டைகள் நின்றுவிட்டன, எஞ்சின் மட்டும் ஓடியது.

நான் காத்திருந்தது இதற்குத்தான். எனக்குத் தோல்வி எழுத வரும். என் பழைய கதைகளில் பஸ் போய்விடும், கடிதம் வந்து சேராது, மழை ஒருநாள் தாமதமாகப் பெய்யும். கை அதற்கே பழகிவிட்டது. ஆகவே உற்சாகமாக எழுதினேன்:

"வெர்னா இயந்திரத்திலிருந்து இறங்கினாள். நிசப்தம் பனியைப் போல அவள்மீது விழுந்தது. எத்தனை பெண்கள் இப்படி, எத்தனை விடியல்களில், தங்களுக்கும் சாலைக்கும் நடுவே—"

இந்த வரைவை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சமையலறைக்குப் போனேன். எனக்கு வந்த மாதிரி அவள் மொழியில் சொல்லிக்காட்டினேன். அவள் காபியைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு நான் அங்கே நின்னு யோசிக்கிறேன்?"

"ஒரு கனம் கிடைக்கும்னு..."

"கோமா, ஷியர் போல்ட் உடைஞ்சது. போல்ட் உடைஞ்சா போல்ட் மாத்தணும். சட்டைப்பையில மூணு வச்சிருந்தேன்."

சரி. நடந்தது இதுதான். கடினமான எதிலாவது மோதினால், பெரிய பாகங்கள் முறியாமலிருக்க, ஒரு சின்ன போல்ட் முதலில் உடைந்து கொடுக்கும். அதற்காகவே வைத்தது. வெர்னா எஞ்சினை அணைத்தாள். (எஞ்சின் ஓடும்போது ப்ளோயர் வாயில் கை வைக்கிறவர்களுக்கு இந்த ஊரில் விரல் கணக்கு குறைவாக இருக்கும்.) ஒரு குச்சியால் பனியைக் கிண்டினாள். உள்ளே, பட்டைகளுக்கு நடுவே, திங்கட்கிழமை அவளே சுவரில் சாத்திவைத்துவிட்டுத் தேடித் தேடிக் கிடைக்காத பனிவாரி. கைப்பிடி இரண்டாகியிருந்தது.

"இங்கேயா இருந்தே நீ," என்றாள் அதனிடம். உருவி எறிந்தாள். கையுறையைப் பல்லில் கடித்துக்கொண்டு வெறும் விரலால் புது போல்ட்டைச் செருகினாள். எஃகு விரலில் ஒட்டியது. இழுத்தபோது தோல் கொஞ்சம் அதோடு போனது. சாவியைத் திருகினாள். மொத்தம் ஆறு நிமிஷம். அதற்கு மேல் இந்தச் சம்பவத்தில் ஒன்றுமில்லை. ஜன்னலில் அட்டை: 9:36.

பத்தேகாலுக்கு இன்னொரு போல்ட் போனது, உறைந்த ஒரு கட்டியில் மோதி. அதையும் மாற்றினாள். இப்போது பையில் ஒன்றுதான்.

6

டெல்பர்ட்டைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

முதலில் இரண்டு விஷயம். இவர்கள் மொழியில் நீயும் நீங்களும் ஒன்றேதான். கணவனின் அண்ணனிடம் வெர்னா எப்படிப் பேசுகிறாள் என்பதைத் தமிழில் நானே முடிவு செய்யவேண்டியிருக்கிறது. "நீங்க" போட்டேன். அந்த மரியாதையில் எவ்வளவு எரிச்சல் இருக்கிறதென்று அவள் குரலைக் கேட்டால் தெரியும். எழுத்தில் தெரியாது. ஆகவே சொல்லிவிட்டேன். இரண்டாவது, ஒரு கதைக்கு வில்லன் கிடைத்தால் எழுதுகிறவனுக்குச் சௌகரியம். அந்தச் சௌகரியத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

பத்தரை மணிக்கு மூன்று வரிசை முடித்து, சாலைக்குப் பத்தடி முன்னால், மேட்டடிக்கு அவள் வந்தபோது, மேட்டின் உச்சியில் டெல்பர்ட் நின்றார். அறுபத்தேழு வயது. காதுமூடித் தொப்பி. கையில் கடப்பாரை. கால் மைல் நடந்து வந்திருக்கிறார்.

வெர்னா எஞ்சின் வேகத்தைக் குறைத்தாள்.

"என்ன வெர்னா, பாத்தி கட்டறியா?"

"ஆமா. வெள்ளரி போடலாம்னு. உங்க லோடர் என்ன ஆச்சு?"

"உன்னோடது என்ன ஆச்சோ அதேதான். கூடாரம் போட்டு அடியில சூடு வச்சிருக்கேன். மத்தியானம் இளகிடும்."

"ராக்ஸேன் பதினொன்றரைக்கு வர்றா."

"எனக்காக நிப்பா. நாப்பது வருஷமா பால் ஊத்தறேன்."

"உங்க தொட்டி?"

டெல்பர்ட் தக்காளி வண்டியைப் பார்த்தார். அதற்குப் பின்னால் கொட்டகை வரை நேராக ஓடிய பாதையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் கத்தியால் வெட்டின மாதிரி வெள்ளைச் சுவர். பிறகு தான் நிற்கும் மேட்டைக் குதிகாலால் உதைத்துக் காட்டினார்.

"இதை அது தாண்டாது. இது பனி இல்ல, கல்லு. இதுல முட்டினா உன் பொம்மைக்குப் பல்லு கொட்டிடும்."

"கொட்டினா தங்கப் பல்லு கட்டறேன். நகருங்க, மேல பட்டுடும்."

அவர் இறங்கிப் போய்விட்டார். கடப்பாரை மேட்டில் குத்தியபடியே நின்றது.

மறந்துவிட்டுப் போனாரா? வேண்டுமென்றே விட்டுப் போனாரா? ராக்ஸேன் "கிழவனுக்கு மறதி" என்கிறாள். லோவல் "எங்க அண்ணன் ஒரு ஆணியைக்கூட மறந்து வச்சதில்ல" என்கிறான். வெர்னா தோளைக் குலுக்குகிறாள். டெல்பர்ட்டிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவரை வில்லனாக எழுதிவைத்திருந்த இரண்டு பத்திகளை மட்டும் எடுத்துவிட்டேன்.

7

மேடு.

பனிக்கலப்பை தள்ளும்போது சாலையின் உப்பு, மண், பனிக்கட்டி எல்லாம் சேர்ந்து அழுந்தி, இரவுக் குளிரில் இறுகிவிடும். ப்ளோயரை அதில் நேராக முட்டினால் கடைசி போல்ட் போகும். வெர்னாவுக்கு அது தெரியும்.

எஞ்சினை ஓடவிட்டு, ப்ளோயரை மட்டும் நிறுத்திவிட்டு, இறங்கினாள். கடப்பாரையை உருவி மேட்டின் அடியில் குத்தினாள். தலையணை அளவு ஒரு கட்டி பெயர்ந்தது. அதைக் காலால் உடைத்தாள். பத்துக் குத்து, பதினைந்து. ஏறி உட்கார்ந்தாள், உடைத்த தூளை ப்ளோயருக்குத் தின்னக் கொடுத்தாள். இறங்கினாள். மறுபடி குத்து. மறுபடி ஏறினாள். மேலங்கிக்குள் வியர்த்து, வெளியே வியர்வை உறைந்து, தலைமுடி நுனிகள் ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் போட்டன.

10:55 என்றது ஜன்னல்.

நாலாவது வரிசை இன்னும் பாக்கி. மேட்டின் பத்தடியில் ஐந்தடிதான் உள்ளே குடைந்திருந்தது.

11:10.

இந்த இடத்தில் என் கை தானாக எழுத ஆரம்பித்தது: "பத்தடி. வெறும் பத்தடி. ஆனால் வாழ்க்கையில் சில பத்தடிகள்—"

ஞாயிற்றுக்கிழமை இதையும் படித்துக்காட்டினேன். வெர்னா புருவத்தைத் தூக்கினாள். "முந்நூத்தி நாப்பது அடி போனவ, அந்தப் பத்தடியை ஏன் விடப்போறேன்? உனக்கு என்ன பிரச்சனை, கோமா?"

எனக்கு என்ன பிரச்சனை என்று யோசித்துப் பார்த்தேன். வாக்கியத்தை அப்படியே வெட்டுப்பட்டதாக விட்டிருக்கிறேன், தண்டனையாக.

அவள் மேட்டை அப்போதைக்கு விட்டுவிட்டு, பாதையில் திரும்பிப் போய், நாலாவது வரிசையைக் கொட்டகையிலிருந்து ஒரே ஓட்டமாக எடுத்துக்கொண்டு வந்தாள். மேல் பாதி, கீழ்ப் பாதி என்று பிரிக்க நேரமில்லை. ஆனால் மூன்று வரிசை திறந்துவிட்டதால் நாலாவதுக்கு ஒரு பக்கம் சுவரே இல்லை. ப்ளோயர் கீழே கடித்தால் மேலே இருப்பது தானாகச் சரிந்து அதன் வாயில் விழுந்தது. அவள் கண்டுபிடித்த இந்த உத்தியைப் பற்றி அவளுக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு. ஒற்றை சிலிண்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி துடித்தது. நிற்கவில்லை. லோவல் அட்டையெல்லாம் தீர்ந்துபோய், ஊன்றுகோலால் தரையைத் தட்ட ஆரம்பித்திருந்தான்.

முந்நூற்று நாற்பது அடி. மேடு மறுபடி எதிரே. கடப்பாரையால் ஏற்கெனவே வெடிப்பு விட்டிருந்த பாகம். வெர்னா இறங்கவில்லை. கியரைக் குறைத்து, ப்ளோயரைக் கொஞ்சம் தூக்கி, வெடிப்பிலேயே வாயை வைத்தாள்.

"வா, செல்லம். வா. தின்னு. தின்னு!"

பனிக்கட்டிகள் குழாய்க்குள் கல்மழை மாதிரி தடதடத்தன. வண்டி குலுங்கியது. பின்சக்கரச் சங்கிலி வழுக்கியது, பிடித்தது, வழுக்கியது, பிடித்தது. மேடு நடுவில் உள்வாங்கி, சட்டென்று வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பக்கம் சாலை.

அந்தப் பக்கம் ராக்ஸேனும்.

லாரி அப்போதுதான் வந்து நின்றிருந்தது. ராக்ஸேன் கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்து, வழி திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். மேடு இடிந்து, அதன் வழியாக ஒரு தக்காளி நிறம் வந்தது, கடைசி ஐந்தடிப் பனியும் குழாய் வழியாகப் பறந்து வந்து லாரிக் கண்ணாடியையும் ராக்ஸேனையும் சேர்த்து மூடியது.

அதுதான் அவள் தொப்பியில் இருந்த பனி; ஹீட்டர் கெட்ட லாரியில் என் மேஜை வரை கரையவில்லை. அதுதான் புருவத்தில் இருந்ததும்.

"திறந்திருக்கு!" என்று கத்தினாள் வெர்னா.

8

வெர்னா இன்னும் இரண்டு முறை முட்டி மேட்டுத் திறப்பை அகலமாக்கினாள். ராக்ஸேன் இறங்கி, பாதையின் குறுக்கே கைகளை விரித்து அளந்தாள். ஒரு கை, இரண்டு கை. ஏறினாள். பதினெட்டுச் சக்கர லாரியைப் பின்பக்கமாக, முந்நூற்றைம்பது அடியும், கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டு கொட்டகை வரை விட்டாள். இரண்டு பக்கமும் சுவருக்கு ஒரு சாண் இடைவெளி. எங்கேயும் உரசவில்லை.

குழாயை மாட்டினார்கள். பம்பு ஓடியது. தொட்டியில் பால் இறங்குவதை வெர்னா மூடியைத் தூக்கி, அது காலியாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். லோவல் யார் சொல்லியும் கேளாமல் ஒற்றைக் காலில் நொண்டி வந்து பால் அறை வாசலில் சாய்ந்து நின்றான்.

"கேக் மிக்ஸின்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்," என்றான்.

"வாங்கிக்காதே. கேக் நல்லாத்தானே வந்திருக்கு?"

அவன் அவள் தோலுரிந்த விரலைப் பிடித்துப் பார்த்தான். தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான்.

9

இப்போது முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

அ. லாரி போனதும் தக்காளி வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நிரந்தரமாக நின்றுவிடுகிறது. கண்ணீருக்கு உத்தரவாதம். வெர்னா: "அது இன்னைக்கும் ஓடுது. வா, காட்டறேன்." (காட்டினாள்.)

ஆ. டெல்பர்ட் வந்து தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்கிறார். ராக்ஸேன்: "பிப்ரவரியில டெல்பர்ட் தொப்பியைக் கழட்டினா நான் லாரியைத் தின்னுடறேன்."

இ. வெர்னா சமையலறைக்குப் போய், காபி போட்டு, ஜன்னல் வழியாகத் தன் பாதையைப் பார்க்கிறாள். அமைதியான முடிவு. பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். இதைத்தான் வைக்கப்போகிறேன் என்றேன். வெர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காபியா? யாரு குடிச்சா? நான் அப்போ வீட்டுலயே இல்லையே!"

ஏனென்றால் குழாயைக் கழற்றிச் சுருட்டும்போது ராக்ஸேன் சொல்லியிருக்கிறாள்: "அடுத்தது டெல்பர்ட். தூரத்துல இருந்தே பார்த்தேன், வழியே இல்ல. நிக்க முடியாது வெர்னா, தாண்டிப் போகவேண்டியதுதான். பாவம், அவர் தொட்டியும் தளும்பிட்டுத்தான் இருக்கும்."

வெர்னா பெட்ரோல் டாங்கின் மூடியைத் திறந்து பார்த்தாள், கேனிலிருந்து ஊற்றினாள், மூடினாள். எண்ணெய் ஸ்ப்ரேயைக் குலுக்கிப் பார்த்தாள், கொஞ்சம் இருந்தது. கடைசி போல்ட் பையில் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"மெதுவா ஓட்டு," என்றாள் ராக்ஸேனிடம். "எனக்குப் பின்னால வா."

சாலை முனையில் இடப்பக்கம் திரும்பினாள்.

பாருங்கள்: பனிச் சுவர்களுக்கு நடுவே நடைவேகத்தில் ஒரு சின்னச் சிவப்பு வண்டி. அதன் பின்னால் விளக்குகள் மினுக்க, ஊர்வலத்தில் வருவது போலப் பிரமாண்டமான பால் லாரி. கால் மைல். அறுபதே அடி நீளமான டெல்பர்ட்டின் வழி முனையில், தோளளவு மேட்டுக்கு அந்தப் பக்கம், கைவாரியால் அள்ளிக்கொண்டிருக்கிற ஒரு காதுமூடித் தொப்பி மட்டும் தெரிகிறது. தொப்பி நிமிர்கிறது.

டெல்பர்ட் வாயைத் திறக்கிறார்.

அவர் என்ன சொன்னார் என்று ராக்ஸேன் ஒரு மாதிரி சொல்கிறாள், வெர்னா வேறு மாதிரி சொல்கிறாள். லோவல் அங்கே இல்லவே இல்லை, ஆனாலும் மூன்றாவது ஒன்று வைத்திருக்கிறான். மூன்றையும் எழுதிப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்டிருக்க முடியாது.

நீங்கள் கெட்டிக்காரர்கள். அவர் என்ன சொல்லியிருப்பார், அவள் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கே தோன்றும், போட்டுக்கொள்ளுங்கள். என்னால் முடியாது. அதைக் கேட்கவேண்டுமானால் வெர்னா எஞ்சினை அணைக்கவேண்டும். நானும் பல வரைவுகளில் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். அவள் அணைப்பதாக இல்லை. கியரைக் குறைக்கிறாள், நெம்புகோலை இழுக்கிறாள், மேட்டில் வாயை வைக்கிறாள்.